பதினேழாம் எண் வண்டியின் நிறை

2025 ஜனவரி 11, சனிக்கிழமை. இடம்: பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியில், இயங்காமல் நின்றுவிட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம். நிகழ்வு: ஊவா பழைய மோட்டார்க்கார் ஓட்டக் கழகத்தின் பருவத் தொடக்க நிறுவை. வந்த வண்டிகள் பதின்மூன்று. அனைத்தும் 1975ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டவை. தராசில் நிறுத்தவர் இளைப்பாறிய கணக்கப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராஜா. இந்தப் பொறுப்பு அவருக்கு இதுவே முதல் ஆண்டு. பதிந்தவர் கழகச் செயலாளர் யசோதினி. முதல் வண்டி தராசில் ஏறியது காலை 8.20க்கு. பன்னிரண்டாவது வண்டி இறங்கியது 11.05க்கு. மழை தொடங்கியது 11.10க்கு. பதின்மூன்றாவதாக ஏறியது எண் 17, 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். உரிமையாளர் சுப்பையா பாக்கியலெட்சுமி, வயது 47. முன் இடச் சில்லு 199, முன் வலது 197, பின் இடது 169, பின் வலது 171. மொத்தம் 736 கிலோகிராம். விதிப்படி இருக்க வேண்டிய ஆகக் குறைந்த நிறை 740.

கூட்டித் தந்த கடதாசித் துண்டை பாக்கியலெட்சுமி இரண்டு தடவை பார்த்தார். பிறகு தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்.

"ஐயா, இன்னொரு தடவ நிறுங்க."

ஸ்ரீஸ்கந்தராஜா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "திரும்ப நிறுத்தாலும் இதுதான் வரும், பிள்ளை. தராசில பிழை இல்லை. காலமையே அம்பது கிலோ படி வைச்சுப் பாத்திட்டம்."

அது உண்மை. பாக்கியலெட்சுமியே கேட்டுத்தான் படிக்கல் வைக்கப்பட்டது. தொழிற்சாலையோடு கூடவே கிடந்த பழைய மேடைத் தராசு அது. ஒரு சில்லைத் தராசில் ஏற்றி, மற்ற மூன்றையும் அதே உயரத்துப் பலகைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டுவார்கள். எவரும் சாய்ந்தோ மிதித்தோ கள்ளம் செய்யாதபடி, நிறுப்பவரைத் தவிர வேறு ஆள் தராசுக்கு இரண்டு மீற்றருக்குள் வரக்கூடாது. கம்பியில் குண்டை நகர்த்தி அவர் எண்ணைச் சொல்வார், யசோதினி எழுதுவார்.

"விதி பதினாலு இருக்கு அக்கா," என்றார் யசோதினி. அரசாங்க அலுவலகமான பதுளைக் கச்சேரியில் எழுதுநராக இருப்பவர். விதிகளைப் புத்தகம் பார்க்காமலே சொல்வார். "நிறை கொறைஞ்ச வண்டி சீசன் முழுக்க ஓட ஏலாது. ஏழு நாளைக்குள்ள ஒரே ஒரு தடவ மறுபடி நிறுக்கக் கேக்கலாம். ஆனா வண்டி இன்னைக்கு இருக்கிற மாதிரியே வரணும். நடுவுல ஒரு ஆணி கூடினாலும் ஒங்க பேரை ரெண்டு சீசனுக்கு வெட்டுவோம்."

"அடுத்த சனிக்கிழம வாறேன்," என்றார் பாக்கியலெட்சுமி.

ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவம் என்று சொல்லிவிட முடியாத நிலை அவருக்கு. பதினேழாம் எண்ணை ஓட்டுபவன் தங்கை மகன் தினேஸ். ஒக்டோபரில் அவன் கட்டாருக்குப் போகிறான். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், கையெழுத்தும் ஆகிவிட்டது. போன பருவத்தில் பதுளைக் கடைவீதி டயர்க்கடைக்காரர் ஷிராஸின் டட்சனிடம் ஒரே ஒரு புள்ளியில் முதலிடத்தை விட்டவர்கள் அவர்கள். தினேஸுக்கு மீதமிருப்பது இந்த ஒரு பருவம்தான்.

பாக்கியலெட்சுமி பிறந்தது சின்னமேட்டுத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான மேல்லயத்தில், 1977இல். பதினெட்டு வயதில், காலையில் வேலையாட்களை எண்ணிப் பிரிக்கும் பெரட்டில் பெயர் பதிந்து, 2017 வரை கொழுந்து பறித்தார். கணவர் சின்னராசா தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். அவர் லொறிக்கடியில் படுத்திருக்க, கேட்ட நட்டுச் சாவியைக் கேட்ட கணத்தில் நீட்டியே எந்திரம் பழகியவர் இவர். சின்னராசா இறந்த ஐந்தாம் ஆண்டில் வேலையை விட்டார். சேமலாப நிதி வந்ததும், தோட்டத்துப் பங்களாவின் பின்புறம் கோழி அடைந்துகொண்டிருந்த மொரிஸை வாங்கினார். வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் எடுத்து பதுளையில் விற்பது பிழைப்பு. வண்டியைக் கழற்றிப் பூட்டுவது மற்ற நேரம் முழுவதும்.

அவருக்கு எதிலும் நம்பிக்கை இலகுவில் வராது. மரக்கறி வாங்கும்போது வியாபாரியின் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பார். பஸ்ஸில் சீட்டு வாங்கினால் திகதியைப் பார்ப்பார். தராசு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இருபத்தொரு வருடம் நாளைக்கு மூன்று தடவை தன் கூடை நிறுக்கப்படுவதை நின்று பார்த்த ஒருவரின் சந்தேகம் அது. வாதாடி இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

ஆகவே அந்த எட்டு நாளில் அவர் சந்தேகிக்காத ஆள் கிடையாது.

முதலில் தினேஸ். டிசம்பர் 28 அன்று வெலிமடையில் லொறிகள் நிறுக்கும் எடைப்பாலத்தில் ஏற்றியபோது வண்டி 740 காட்டியது. எடைப்பாலம் இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே மறுநாள் பழைய இரும்புக் கடையில், மேடைத் தராசில் சில்லுச் சில்லாக நிறுத்துப் பார்த்திருந்தார். அங்கே கண்டது 744. அந்தத் துண்டு அவருடைய கைப்பையில் இப்போதும் இருக்கிறது. அப்படியானால் இரண்டு கிழமைக்குள் எட்டுக் கிலோ எங்கேயோ போயிருக்கிறது.

"ரேடியேட்டர்ல தண்ணி இருந்துச்சா?" என்று ஞாயிறு காலையில் கேட்டார்.

"இருந்துச்சு பெரியம்மா."

"நீ பாத்தியா, நெனைச்சியா?"

"மூடியத் தெறந்து வெரல உட்டுப் பாத்தேன். போதுமா?"

போதவில்லை. வடிகுழாயைத் திறந்து முழுத் தண்ணீரையும் சோடாப் போத்தல்களில் பிடித்தார். ஐந்தரை லீற்றர். எட்டு வரவில்லை. அளந்த தண்ணீரை ஒரு துளி சிந்தாமல் திரும்ப ஊற்றினார். வண்டி இருந்தபடியே இருக்க வேண்டுமல்லவா.

அடுத்து, இருக்கைக்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த இரண்டு தண்டவாளத் துண்டுகள். நிறையைக் கூட்டுவதற்காக அவரே வைத்தவை. ஒன்று எட்டுக் கிலோ. எட்டு என்ற எண் நினைவுக்கு வந்ததும் கை தானாக அங்கே போனது. இரண்டு துண்டும் இருந்தன. ஆனால் வலப்பக்கத்து நட்டில் பூசியிருந்த பெயின்ற் புதிதாய் உரிந்திருந்தது.

"இதை யாரு கழட்டினது?"

"யாரும் கழட்டல. வெள்ளிக்கிழம ஆட்டம் கண்டுச்சு, இறுக்கினேன்."

"எந்தச் சாவியில? நம்ம சாவி இதுக்குப் பத்தாது."

தினேஸ் கொஞ்சம் தயங்கினான். "ஷிராஸண்ணன் வண்டி தூக்குற ஜக்கு கேட்டு வந்தாரில்ல. அவரு சாவிதான். அவரே இறுக்கிக் குடுத்தாரு."

அதோடு பாக்கியலெட்சுமியின் மனதில் ஒரு வரிசை அமைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஷிராஸ் வருகிறார். ஜக்கு கேட்கிறார். டயர்க்கடை வைத்திருப்பவருக்கு ஜக்கு எதற்கு? நட்டைத் தொடுகிறார். சனிக்கிழமை எட்டுக் கிலோ குறைகிறது. கழற்றிய இரும்பு திரும்ப எப்படி உள்ளே வந்தது என்பது மட்டும் அந்த வரிசையில் பொருந்தவில்லை. அதற்கும் தினேஸை ஒரு பார்வை பார்த்தார். செவ்வாய்க்கிழமை தைப்பொங்கலன்று பானையில் பால் பொங்கும்போதுகூட அவருடைய கண் வாசலில் படங்கு போர்த்தி நின்ற வண்டியில்தான் இருந்தது. மரியாதைக்குப் பொங்கல் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர், வண்டியை எட்டிப் பார்த்ததற்காக ஒரு விசாரணைக்கு உள்ளானார்.

புதன்கிழமை மரக்கறி இறக்கியதும் நேரே ஷிராஸின் கடைக்குப் போனார். ஷிராஸ் ஒரு லொறி டயருக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"தம்பி, ஒங்க கடையில ஜக்கு இல்லியா?"

"இருக்கு அக்கா. மூணு இருக்கு."

"அப்ப எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

ஷிராஸ் வெளியே வந்து கையைத் துடைத்தார். "வண்டியப் பாக்கத்தான். ஜக்கு ஒரு சாட்டு. நீங்க சும்மா வந்தா காட்டுவீங்களா?"

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பொறாமையா இருந்துச்சு. போல்ட்டு ஆடிச்சு, இறுக்கிட்டு வந்தேன்."

"எறக்கிட்டு வந்தீங்களோன்னுதான் கேக்குறேன்."

கடைக்குள் டயர் மாற்றிக்கொண்டிருந்த இருவரும் கையை நிறுத்தினார்கள். ஷிராஸ் கோபப்படவில்லை, அப்படி ஒரு கேள்வி வருமென்று எதிர்பார்த்தவர்போல நிதானமாகச் சொன்னார்: "அக்கா, நான் ஒங்கள ஓட்டத்துல தோக்கடிச்சவன். தராசுல தோக்கடிச்சா எனக்கு என்ன பெரும? சனிக்கிழம நானும் வாறேன். கிட்ட நின்னு பாக்குறேன்."

"என்னைப் பாக்கவா?"

"ஆமா. ஒங்களையும் யாராச்சும் சந்தேகப்படணுமில்ல."

ஜனவரி 18, சனிக்கிழமை. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. காலை 9.15க்குப் பதினேழாம் எண் தராசில் ஏறியது. வண்டியை வழியில் எவரும் தொடவில்லை. தொடுவார்களோ என்று பாக்கியலெட்சுமி பின்னிருக்கையே இல்லாத வண்டிக்குள் தகரத்தில் உட்கார்ந்து வந்திருந்தார். இறங்கி, இரண்டு மீற்றர் கோட்டுக்கு வெளியே நின்றார். ஷிராஸும், ஒஸ்டின் வைத்திருக்கும் ஹஸீபும், இன்னும் ஏழெட்டு உறுப்பினர்களும் கோட்டைச் சுற்றி நின்றார்கள்.

ஸ்ரீஸ்கந்தராஜா குண்டை நகர்த்திச் சொன்னார். "இருநூத்தியொண்டு." பிறகு, "நூத்தித் தொண்ணூத்தொம்பது." பின்சில்லுகளுக்கு, "நூத்தியெழுபத்தொண்டு. நூத்தியெழுபத்திமூண்டு."

யசோதினி கூட்டினார். 744.

தினேஸ் சிரித்தான். வேறு எவரும் சிரிக்கவில்லை. பாக்கியலெட்சுமிக்கு முதலில் நெஞ்சு ஆறியது. அடுத்த கணமே சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் அறிவார். எட்டு நாளாக அவர் பிறரைப் பார்த்த பார்வை அது.

"ஒரு கிழமையில எட்டுக் கிலோ," என்றார் ஹஸீப். "பொங்கல் நல்லாத்தான் சாப்பிட்டிருக்கு."

இப்போது சிரிப்பு எழுந்தது.

"அக்கா, என்ன சேத்தீங்க?" என்று யசோதினி கேட்டார். குரலில் கடுமை இல்லை. பேனை மட்டும் புத்தகத்தின் மேல் தயாராக இருந்தது.

"ஒண்ணும் சேக்கல மிஸ்."

"போன கிழம 736. இன்னைக்கு 744. ரெண்டும் இதே தராசு, இதே ஐயா. சேக்காம எப்படி? பதினாலாம் விதிப்படி நான் ஒங்க பேர வெட்டணும்."

"வெட்டுங்க. அதுக்கு முன்னுக்கு போன கிழமத் துண்டையும் இந்தத் துண்டையும் குடுங்க."

இரண்டு துண்டுகளையும் வண்டியின் பொனற்றில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலால் கீழிறங்கி வந்தார். 199, 201. 197, 199. 169, 171. 171, 173. மேலே போய்த் திரும்பவும் இறங்கினார்.

"மிஸ், இங்க பாருங்க. நாலு சில்லுலயும் ரெண்டு ரெண்டுதான் கூடியிருக்கு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஒரு இரும்ப வண்டியில எங்க வச்சா நாலு பக்கமும் சரியா ரெண்டு ரெண்டு ஏறும்? முன்னுக்கு வச்சா முன்னுக்குத்தான் ஏறும்."

"அக்கா சொல்றது சரி," என்றார் ஷிராஸ். "நானும் ஈயம் வச்சுப் பாத்திருக்கேன். ஒரு நாளும் ஒரே அளவாப் பிரியாது."

யசோதினி திரும்பினார். "நீங்க எப்ப ஈயம் வச்சீங்க?"

"அது ஒரு காலத்துல, மிஸ்."

பாக்கியலெட்சுமி அதைக் கேட்கவில்லை. இரண்டு என்ற எண்ணிலேயே அவர் நின்றுவிட்டார். அந்த எண்ணை அவர் எங்கேயோ, பல தடவை, நனைந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

சின்னமேட்டில் ஸ்ரீஸ்கந்தராஜா கணக்கப்பிள்ளையாக வந்தது 2006இல். மழை நாளில் கொழுந்து ஈரமாக இருக்கும். ஈரம் தராசில் ஏறும். ஆகவே நிறுப்பவர் கொஞ்சம் கழித்துச் சொல்வார். எவ்வளவு என்பது நிறுப்பவரின் விருப்பம். அவருக்கு முன்பிருந்தவர்கள் ஒரு நிறுவைக்கு மூன்று கிலோ கழித்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டு. அந்த ஒரு கிலோ வித்தியாசத்துக்காக மேல்லயத்துப் பெண்கள் அவருக்கு நல்ல ஐயா என்று பெயர் வைத்திருந்தார்கள். பாக்கியலெட்சுமியும் அப்படித்தான் சொல்வார். எட்டு நாளாக ஊர் முழுவதையும் சந்தேகித்தவர் அவரை மட்டும் ஒரு தடவைகூட நினைக்காததற்கும் அந்தப் பெயரே காரணம். கழித்ததை அவர் ஒரு நாளும் தனியே சொன்னதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், வானத்தைப் பார்ப்பார், எண்ணைச் சொல்வார். அந்த எண்ணில் மழை ஏற்கெனவே கழிந்து போயிருக்கும்.

போன சனிக்கிழமையும் அவர் கண்ணாடியைத் துடைத்தார். பன்னிரண்டு வண்டிகள் காய்ந்த முற்றத்தில் நிறுக்கப்பட்டிருந்தன. மழையில் நின்றது பதினேழு மட்டுமே.

சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சின்னமேட்டில் ஒரு தடவை, வேறொரு கணக்கப்பிள்ளையிடம் தராசடியில் நின்று வாய்விட்டுக் கேட்டதற்கு, மறுநாளிலிருந்து ஒரு மாதம் அட்டை நிறைந்த பள்ளத்து மலைதான் பறிக்கக் கிடைத்தது. அதிலிருந்து அவர் கற்றது ஒன்று: நிறுப்பவரிடம் நிறையைப் பற்றி வாதாடக்கூடாது. நிறுக்க வைக்க வேண்டும்.

"ஐயா, ஒரு ஆள நிறுத்துப் பாப்பமா?"

"ஆரை?"

"யாரா இருந்தாலும் சரி. மிஸ் மட்டும் ஒங்களுக்குப் பின்னால நின்னு கம்பியப் பாக்கட்டும்."

"நான் ஏறுறேன்," என்றார் ஷிராஸ். "கிட்ட நின்னு பாக்கத்தானே வந்தேன்."

ஏறினார். ஸ்ரீஸ்கந்தராஜா குண்டை நகர்த்தினார். "எண்பத்தொண்டு." பின்னால் நின்ற யசோதினி தலையசைத்தார்.

"அப்படியே நில்லுங்க தம்பி," என்றார் பாக்கியலெட்சுமி. தொட்டியடியில் வண்டி கழுவ வைத்திருந்த வாளியை எடுத்து வந்தார். ஷிராஸ் அதைப் பார்த்தார், பாக்கியலெட்சுமியைப் பார்த்தார். என்ன வரப்போகிறது என்று விளங்கியதும் கைபேசியை எடுத்து ஹஸீபிடம் எறிந்தார். மறுகணம் முழு வாளியும் அவர் தலையில் இறங்கியது. மேடைத் தராசின் மரப்பலகை, கம்பி, குண்டு, ஸ்ரீஸ்கந்தராஜாவின் கண்ணாடி எல்லாவற்றிலும் தெறித்தது.

"பொங்கலுக்குப் பெறகு முழுக்காட்டு," என்றார் ஹஸீப்.

"இப்ப நிறுங்க ஐயா."

ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். போட்டுக்கொண்டார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். அங்கே வெயில்தான் இருந்தது. குனிந்து குண்டைத் தட்டினார்.

"எழுபத்தொம்பதரை."

யசோதினி அவருடைய தோளுக்கு மேலால் குனிந்து, இன்னும் ஒரு தடவை கம்பியைப் பார்த்தார்.

"ஐயா, கம்பியில எண்பத்தொண்ணரை இருக்கு."

"ஓம். எண்பத்தொண்டரைதான்."

"நீங்க எழுபத்தொம்பதரைன்னு சொன்னீங்க."

"ஈரம் எல்லே..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். கம்பியைப் பார்த்தார், ஷிராஸைப் பார்த்தார், கடைசியாகப் பாக்கியலெட்சுமியை.

யசோதினி புத்தகத்தைத் திருப்பினார். வெட்டுவதற்கென்று எழுதத் தொடங்கியிருந்த வரியை அடித்து, ஓரத்தில் கையொப்பமிட்டு, புதிய வரியில் எழுதினார்: எண் 17, மொரிஸ் மைனர், நிறை 744, அனுமதி. சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் சாட்சிக்குக் கையொப்பமிடச் சொன்னார். ஷிராஸ் ஈரக்கையால் போட்டதில் எழுத்துக் கரைந்தது.

பாக்கியலெட்சுமி வண்டியிலிருந்த சுத்தமான சாக்கு ஒன்றை எடுத்து ஷிராஸிடம் நீட்டினார். "தம்பி, புதன்கிழம கடையில வந்து நான் பேசுனது..."

"கரட் மணக்குது," என்றார் ஷிராஸ், தலையைத் துவட்டிக்கொண்டு. "பேசினதுக்கு பெப்ரவரியில பதில் சொல்றேன், அக்கா. ஓட்டத்துல." பிறகு யசோதினியிடம், "மிஸ், நானும் நிறை கொறஞ்ச ஆளா? சீசன் முழுக்க ஓட ஏலாதா?"

தினேஸ் வண்டியைப் பலகையிலிருந்து இறக்கினான். ஆட்கள் பிரிந்து தங்கள் தங்கள் எந்திரங்களிடம் போனார்கள். பாக்கியலெட்சுமி மட்டும் இரண்டு மீற்றர் கோட்டைத் தாண்டித் தராசடிக்கு வந்தார்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை, பிள்ளை," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "கை அப்பிடிப் பழகிப் போச்சுது. வாய் தன்பாட்டில சொல்லுது."

"தெரியுங்க ஐயா. வேணும்னு செஞ்சிருந்தா எப்பவோ புடிச்சிருப்பேன்." பொனற்றிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளும் அவர் கையில் இருந்தன. "எங்க மலையில எத்தன வருஷம் நிறுத்தீங்க?"

"பதினொரு வருசம்."

"பென்சிலக் குடுங்க."

அவர் காதிடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாக்கியலெட்சுமி போன சனிக்கிழமைத் துண்டைத் திருப்பி, தராசுப் பலகையின் காய்ந்த மூலையில் வைத்தார். ஆண்டு பதினொன்று என்று எழுதினார். வருடத்துக்கு மழை நாள் நூற்றிருபது என்று, குறைத்தே போட்டார். நாளைக்கு நிறுவை மூன்று. நிறுவைக்குக் கிலோ இரண்டு. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெருக்கி, அடியில் கோடிட்டு எழுதினார்.

7,920.